ஏழாம் பக்கத்துக்கு நன்றி, பிலோமினா

பிரியத்துக்குரிய பிலோமினாவுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். ‘நீங்கள்’ என்றுதான் பேசினேன். அதை நீ மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய். கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள மரியாதை வசதியான பெட்டி. இப்போது ஒருமையில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் வசு எப்படி இருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைத்தான் கேட்பாய். என் தங்கை நன்றாக இருக்கிறாள். பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். தெருவைப் பார்த்த அந்த ஜன்னல் இன்னும் அவளுடையதுதான். அதற்குக் காரணம் நீ. இதைத் தெரிந்துகொண்டு உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு ஒரு வருடம் இருந்தது. ஒரு நாளைக்கூட நான் அதற்குப் பயன்படுத்தவில்லை.

உன்னைப் பற்றி உன் நிறுவனத்துக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினேன். அது நான்கு பேருடைய மேசைக்குப் போனது. அதனால் இந்தக் கடிதத்தை எங்களைப் போன்ற குடும்பங்களின் சங்கம் போடுகிற மலரில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். புகாரைப் படித்தவர்களைவிட நன்றியைப் படிப்பவர்கள் கூடுதலாக இருக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

வசு என்கிற வசந்தாவுக்கு நாற்பத்தேழு வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். பிடித்துக்கொண்டால் பத்தடி நடப்பாள். பேச்சு ஏழெட்டு வார்த்தை, அதில் பாதி கன்னடம். ‘பேட’ என்றால் வேண்டாம். அதை மட்டும் யாருக்கும் சந்தேகம் வராதபடி சொல்வாள். மற்றவர்கள் பேசுவது அவளுக்கு முழுக்கப் புரியும். அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பிறகு நான்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பது உனக்குத் தெரியும். பொதுத்துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம். வருகிற சாமானில் குறையைக் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் கை அந்தச் சீட்டைத் தேடும். என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கிப் போனவர்கள் எல்லாருடைய பெயரும் எனக்கு மனப்பாடம். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், வசு உள்ளே இருந்து வந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்களே, அந்த டம்ளர்கள் எந்த வரிசையில் இருந்தன என்றுகூடச் சொல்வேன். ஒயிட்ஃபீல்டில் இருக்கிற ரமேஷ் அண்ணன் வருடத்துக்கு இரண்டு தடவை இனிப்பு டப்பாவும் ஆலோசனையுமாக வருவதை நான் மன்னித்ததில்லை. இனிமேலும் மன்னிப்பதாக இல்லை. உன்னால் எனக்குள் எல்லாம் மாறிவிட்டது என்று இந்தக் கடிதத்தில் பொய் எழுத மாட்டேன்.

வசு போன்றவர்களுக்கு அவர்கள் விருப்பப்படி வாழ்க்கைத் திட்டம் போட்டுக்கொடுப்பது உன் நிறுவனத்தில் உன் வேலை. நீ முதல் தடவை வந்த அன்று, ஊருக்கு வெளியே இருக்கிற சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாய். நான் தயாராக இருந்தேன். வசுவின் வாரத்தை ஒரு பெரிய அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தேன். பிசியோதெரபிக்கு மஞ்சள், பேச்சுப் பயிற்சிக்குப் பச்சை, பகல்நேர மையத்துக்கு நீலம், பார்த்துக்கொள்ள வரும் கௌரம்மாவுக்கு ஆரஞ்சு. உதவித்தொகைக்கு வருடா வருடம் போக வேண்டிய அலுவலகம், சான்றிதழ் புதுப்பிக்க வேண்டிய மாதம், எல்லாம் ஓரத்தில். இத்தனை பேரை ஒருவனாக ஒருங்கிணைக்கிறேனே, நீயாவது பாராட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நீ அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்தாய்.

“சார், இது யாரோட வாரம்?”

“வசந்தாவோடது.”

“காலைல அஞ்சரைக்கு எழுப்பணும்னு போட்டிருக்கே. அவங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கப் பிடிக்குமா?”

“ஏழு மணிக்கு வேன் வந்துடும்.”

“அப்ப இது வேனோட வாரம், அண்ணா.”

கௌரம்மா சமையலறையில் சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றே உன் மேல் முதல் சீட்டை ஒட்டிவிட்டேன். ‘அண்ணா’ என்றது இரண்டாவது சீட்டு.

அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. வசுவின் நாற்காலி தாழ்வானது. அவள் கண்ணுக்கு உன் கண் சமமாக வரும்படி தரையில் உட்கார்ந்துவிட்டாய். முக்கால் மணி நேரம் இருவரும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பழ வண்டி போனது. பள்ளிக்கூட ஆட்டோ போனது. எதிர் மாடியில் ஒரு அம்மாள் போர்வையை உதறினாள், வசு சிரித்தாள். நீ நோட்டில் ஏதோ எழுதினாய். இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் அப்படி வந்துபோனாய். ஒருநாள் கௌரம்மாவின் காபி டம்ளர் பக்கம் வசுவின் தலை திரும்புவதை நீ பார்த்தாய். நாங்கள் முப்பது வருடமாக அவளுக்கு மால்ட் பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். எந்த டாக்டரோ எப்போதோ சொன்னது, அம்மா நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. நீ மூன்று டம்ளர்களை அவள் முன் வைத்தாய். பால், டீ, காபி. காபியின் மேல் மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை. என் தங்கைக்குக் காபி பிடிக்கும் என்பது அவளுடைய நாற்பத்தாறாவது வயதில் எங்களுக்குத் தெரிந்தது.

நான் உடனே ஃபைலை எடுத்தேன். தண்ணியாக இருப்பதைக் குடித்தால் புரை ஏறும், நுரையீரலுக்குப் போய்விடும் என்று பேச்சுப் பயிற்சியாளர் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன்.

“இது ரொம்ப முக்கியம் அண்ணா, நல்லவேளை காட்டினீங்க” என்றாய். “இதை பிசியோ சார் படிச்சிருக்காரா? மையத்துல படிச்சிருக்காங்களா?”

யாரும் படித்திருக்கவில்லை. மையத்தில் அவளைப் பாயில் சாய்த்து வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய அறிக்கையும் என் ஃபைலில் இருந்தது, ஒருவருடையதை மற்றவர் பார்த்ததே இல்லை. நான் அவர்களை ஒருங்கிணைத்ததாக நினைத்தேன். செய்தது வெறும் துளை போட்டுக் கோத்து வைத்தது.

நீ பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு வரவழைத்தாய். நிமிர்ந்த நாற்காலி, குனிந்த முகவாய், ஒரு பக்கம் விளிம்பு வெட்டிய கோப்பை, ஒரு மடக்குக்குப் பிறகு பத்து எண்ண வேண்டும். முதல் கோப்பையை அவர்கள் முன்னாலேயே குடிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார்கள். பாதிக் கோப்பைக்கு அரை மணி நேரம் ஆனது. வசு ஒரு தடவைகூட இருமவில்லை.

இந்த அளவுக்கு நான் நன்றியோடுதான் இருந்தேன். பிறகு அந்தப் புகைப்பட நாள் வந்தது.

வசுவின் வாரத்தை எப்படி அமைப்பது என்று பேசுகிற திட்டக் கூட்டத்துக்கு யார் வர வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்காகத் திட்டமோ அவருக்குத்தான். அது உங்கள் முறை. கூட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நீ அப்படியே செய்தாய். வசுவின் வாழ்க்கையில் இருக்கிற பன்னிரண்டு பேரைப் போனில் படம் எடுத்து, மாஸ்க் ரோட்டில் ஒரு கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தாய். சாப்பாட்டு மேசையில் பரப்பினாய்.

“வசு அக்கா, உங்க வாரத்தைப் பத்திப் பேசப் போறோம். யார் யார் வரணும்? எடுத்துக் குடுங்க.”

அவள் கை போக நினைக்கிற இடத்துக்கு நேராகப் போகாது, சுற்றிக்கொண்டு போகும். கௌரம்மாவை முதலில் தட்டினாள். பிசியோதெரபிஸ்ட்டை. ஆட்டோ ஓட்டுகிற பாஷா பாயை. தெருமுனையில் பூ விற்கிற லட்சுமம்மாவை. நான் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைக் குளிப்பாட்டுவதிலிருந்து கையெழுத்துப் போடுவது வரை நான். எனக்கு அந்த மேசையில் சந்தேகமே இருக்கவில்லை.

என் படத்தின் மேல் கையை வைத்தாள். உன் பக்கம் தள்ளவில்லை. மேசை விளிம்புக்கு இழுத்து, மடியில் விழவைத்து, விரல்களுக்குள் வைத்துக் கசக்கினாள்.

நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “புரிஞ்சுது மேடம்” என்றேன்.

கூட்டம் நடந்த அன்று மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். என் வீடு, என் படிக்கட்டு, உள்ளே என் தங்கையின் வாழ்க்கையைப் பற்றிப் பூக்காரம்மா யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். பாஷா பாயின் குரல் கேட்டது. “அக்காவுக்கு ஏழு மணி வேனு வாணாம், நான் பத்து மணிக்கு இட்டுனு போறேன், ரோட்டுல கூட்டமும் இருக்காது.” எல்லாரும் சிரித்தார்கள். வசுவின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. நான் படியில் உட்கார்ந்தபடியே புகாரின் முதல் வரியை மனதில் எழுதிவிட்டேன். ‘குடும்பத்தினரைத் திட்டமிட்டு விலக்கி வைத்து...’

நல்ல மொழிநடை எனக்கு உண்டு. அந்தக் கடிதம் வேலை செய்தது. உன்னை வசுவின் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீ அதற்குப் பதில் எழுதவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் எழுதவில்லை, பிலோமினா? என் தப்பு எது என்று உனக்குத் தெரியும். ஒரு வரி போதுமே.

ஆனால் நீ போட்டுக்கொடுத்த திட்டம் நின்றுபோகவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வசு ஏழரைக்கு எழுந்தாள். ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். மையம் வாரத்துக்கு மூன்று நாள் ஆனது. மீதி இரண்டு நாள் லட்சுமம்மாவின் பூக்கடையில் ரோஜாக்களை நிறம் பார்த்துப் பிரித்துப் போட்டாள். ரப்பர் பந்தைப் பிடிக்க வைக்கிற பயிற்சிக்கும் ரோஜாவை எடுக்கிற கைக்கும் வித்தியாசமில்லை, இதில் மணமும் இருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட்டே சொல்லிவிட்டார். எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றைக்கு நடந்ததை எழுதினார்கள். பாஷா பாய் மட்டும் எழுதாமல் பேசி அனுப்பினார்.

திட்ட ஃபைல் வசுவின் அலமாரியில் இருந்தது. நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. கூப்பிடாத விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று யார் போய் எட்டிப் பார்ப்பார்கள்?

ரமேஷ் அண்ணனுக்கு இதெல்லாம் வாசனை தெரிந்துவிடும். தீபாவளிக்கு வந்தபோது ஆரம்பித்தார்.

“உனக்கும் அம்பத்துநாலு ஆச்சு, நடராஜா. நாளைக்கே உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? சந்தாபுரா தாண்டி ஒரு ஹோம் இருக்கு. காத்தோட்டமான இடம். டாக்டர் இருக்கார், நர்ஸ் இருக்கா.”

“வசு வரமாட்டா.”

“அவ உன்னையே வேணாம்னுட்டாளாமே, கௌரம்மா சொன்னா. பின்ன யாருக்காக நீ இப்படி?”

கௌரம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் ஏற்கெனவே இருந்தது, அவர் அதை வெளியே எடுத்துவைத்தார், அவ்வளவுதான். அடுத்த மாதம் அந்த ஹோமுக்கு விண்ணப்பத்தை நிரப்பினேன். கட்டம் கட்டமாக, ஒரு திருத்தம் இல்லாமல். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன்னிடம் இதை மறைத்துவிட்டு நன்றி சொல்ல முடியாது.

ஹோமிலிருந்து உன் அலுவலகத்துக்கு அறிக்கை கேட்டிருக்கிறார்கள். உனக்குத் தகவல் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் போன் பண்ணினாய்.

“அண்ணா, அந்த ஹோம் எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். வசு அக்காகிட்ட கேட்டீங்களா?”

“அது குடும்ப விஷயம்.”

“ஒரே ஒரு பக்கம் பாருங்க அண்ணா. அவங்க ஃபைல்ல ஏழாம் பக்கம். அவங்களோட உட்கார்ந்து பாருங்க, அது போதும்.”

“மேடம், நான் உங்களுக்கு அண்ணன் இல்லை. சார்னு கூப்பிடுங்க.”

உன் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பிறகு “சரி சார்” என்றாய். நம் இருவருக்கும் இடையில் கடைசியாக நடந்த பேச்சு இதுதான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் உன் இடத்துக்கு வந்த ரேகா போன் பண்ணி, வருடாந்தர மறுபரிசீலனைக் கூட்டத்துக்குத் தேதி கேட்டார். அப்போதுதான் சொன்னார், பிலோமினா மேடம் டெங்கு காய்ச்சலில் போய்விட்டார், நான்கே நாள் என்று. நான் “ஓ” என்றேன். பிறகு, சனிக்கிழமை வசதிப்படும் என்றேன். உன் சாவுச் செய்திக்கு என் பதில் இவ்வளவுதான் இருந்தது, பிலோமினா.

ரேகாவும் உன் முறைப்படியே செய்தார். புகைப்படங்களை வைத்து வசுவைக் கேட்டார். என் படம் மேசையிலேயே இல்லை. “நிம் ஹெசரு, உங்க பேரு, லிஸ்ட்டுல இல்லை சார்” என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு. “ஆனா ஹோம்ல இப்பதான் இடம் காலியாச்சாம், விண்ணப்பத்துல கார்டியன் சைன் வேணும். கடைசி பத்து நிமிஷம் வாங்க.”

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு நான் பேனாவோடு உள்ளே போனேன். ரமேஷ் அண்ணனும் இன்னொரு கார்டியன் என்பதால் வந்திருந்தார். வட்டமாக நாற்காலிகள், நடுவில் வசு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். லட்சுமம்மா கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். கௌரம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விண்ணப்பத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எங்க கையெழுத்து?” என்றார் ரமேஷ் அண்ணன்.

“ஸ்வல்ப பொறுங்க சார்” என்றார் ரேகா. “எங்க ஆபீஸ் காப்பி மேல பிலோமினா மேடம் ஒரு சீட்டு ஒட்டியிருக்காங்க. வசுவோட இடத்தை மாத்துற எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி ஏழாம் பக்கத்தைக் காட்டணுமாம், அண்ணன் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது. வசு அக்கா, காட்டட்டுமா?”

வசு கையைத் தூக்கினாள். அது சரி என்பதற்கு.

வசுவின் அலமாரியிலிருந்து எடுத்த ஃபைலில் அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘ஞாயிற்றுக்கிழமை’. கீழே என் புகைப்படம் ஒட்டியிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக மடிப்புகள், ஒரு கண் மேல் வெள்ளைக் கோடு. நீ அதைத் தட்டையாக்கப் பாடுபட்டிருக்கிறாய் என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் காபிக் கோப்பையின் படம். அதற்குக் கீழே உன் கையெழுத்து.

‘வசு அக்காவிடம் படங்களைக் காட்டி, மூன்று வேறு நாட்களில் கேட்டு உறுதிசெய்தது. கூட்டத்துக்கு வேலை செய்கிறவர்கள் வரட்டும். அண்ணன் வேலை ஆள் இல்லை, அதனால் கூட்டத்துக்கு அண்ணன் வேண்டாம். ஞாயிறு நான்கு மணிக்கு அண்ணன் ஃபைல் இல்லாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். காபி, இரண்டு பேருக்கும்.’

அதற்கும் கீழே, பென்சிலில், சின்னதாக: ‘படம் கசங்கியிருக்கிறது. வேறு பிரிண்ட் மாற்ற வேண்டாம். கையிலிருந்து எடுக்க இருபது நிமிடம் ஆனது. விட மனசில்லை.’

பிலோமினா, நாற்பத்தேழு வருடமாக அவள் கையை எனக்குத் தெரியும். எதையாவது விடக் கூடாது என்று நினைத்தால் அவள் விரல்கள் அப்படித்தான் இறுகும். நினைத்தாலும் தளர்த்த முடியாது. அம்மாவின் புடவைத் தலைப்பை அவள் கையிலிருந்து விடுவிக்க வெந்நீர்த் துணி ஒற்றியவன் நான். அம்மா போன அன்று அம்மாவின் விரலை அவளிடமிருந்து எடுத்தவனும் நான்தான். அதே கை என் படத்தைப் பிடித்தபோது, கசக்கி எறிகிறாள் என்று புரிந்துகொண்டேன். குறையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு மடிப்பு மட்டும்தான் தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கௌரம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை. வருடம் முழுக்க ஞாயிறு சாயங்காலங்களில் வசு கோப்பையால் நாற்காலிக் கையைத் தட்டுவாள். மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிறாள் என்று நான் குறைப்பேன். மறுபடி தட்டுவாள், கூட்டுவேன். பிறகு என் ஃபைல்களோடு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

“நிமகே, உங்களுக்கே தெரியும்னு நெனச்சேன் சார்” என்றாள் கௌரம்மா. “வீட்ல இருக்கற ஃபைலு, படிச்சவரு நீங்க.”

ரமேஷ் அண்ணன் தொண்டையைச் செருமினார். “எல்லாம் சரி. யாரோ ஒரு ஆபீஸ் பொண்ணு எழுதி வெச்சது. இவளுக்கு என்ன தெரியும்?”

ரேகா ஹோமின் படத்தை எடுத்து வசு முன் வைத்தார். தோட்டம், வரிசையாகக் கட்டில்கள். இந்த ஜன்னலின் படத்தை அதன் பக்கத்தில் வைத்தார். கேள்வியை மெதுவாக, கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கேட்டார்.

“பேட” என்றாள் வசு. தோட்டத்தைப் பார்த்து. பிறகு ரமேஷ் அண்ணனைப் பார்த்து இன்னொரு தடவை. அவர் எதற்கோ சிரிக்கப் பார்த்தார். மூன்றாவது தடவையும் சொன்னாள்.

பாஷா பாய் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அக்கா தீர்ப்பு குட்த்தாச்சு. இன்னா சாரே, பேனாவை இன்னும் தொறந்தே வெச்சினுகீறே? மை காஞ்சுடும்.”

நான் பேனாவை மூடினேன். வசுவின் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு என்னைக் கூப்பிடலைன்னு நெனச்சேன், வசு” என்றேன். அவள் கை சுற்றிக்கொண்டு வந்து என் சட்டைக் கையைப் பிடித்தது. ரேகா மற்றவர்களை வெளியே அழைத்துப் போய்விட்டார். எனக்கு அவசரம் இல்லை. துணி கசங்கினால் கசங்கட்டும் என்று இருந்தேன். கௌரம்மா காபி கொண்டுவந்தபோதும் ஒரு கையால்தான் வாங்கினேன்.

அந்த வாரமே உன் அலுவலகத்துக்குப் போனேன். என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிய கடிதத்தை நீட்டி, இதை பிலோமினாவின் கோப்பில் சேருங்கள் என்றேன். அந்தக் கோப்பை மூடிவிட்டோம், சார் என்றார்கள். மூடிய கோப்பில் எதையும் சேர்க்க வழி இல்லையாம். நானே நூறு தடவை மற்றவர்களிடம் சொன்ன விதிதான் அது. ஆனாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏழாம் பக்கத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இப்போதைய சமாச்சாரம் கேட்டால்: ஞாயிறு நான்கு மணிக்கு நாங்கள் ஜன்னலோரம் உட்காருகிறோம். ஒரு மடக்கு, பத்து எண்ணிக்கை, மறுபடி ஒரு மடக்கு. முதலில் எனக்கு அந்தப் பத்து எண்ணிக்கை தாங்கவில்லை. கை ஃபைலைத் தேடும். இப்போது அந்த இடைவெளியில் எதிர் மாடிப் போர்வைகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். போன வாரம் ஒரு சிவப்புப் போர்வை கீழே போன ஒருவர் தலையில் விழுந்தது. இருவரும் சிரித்தோம், வசுவுக்கு விக்கல் வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் அதை நானே எழுதினேன். வேலை ஆள் இல்லாத நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள் என்று பாஷா பாய் குரல் அனுப்பியிருந்தார்.

ரமேஷ் அண்ணன் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. அந்தக் கணக்கில் நீ தலையிட வேண்டாம். பதவி உயர்வு விஷயமும் அப்படியே இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒன்று நியாயமானது என்பதை மறுக்க முடியவில்லை. நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால்?

நீ எழுதிய திட்ட ஃபைலில் கடைசிப் பக்கத்துக்கு ‘அண்ணனுக்குப் பிறகு’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, காலியாக விட்டிருக்கிறாய். ஓரத்தில், ‘இதை நான் எழுதக் கூடாது’ என்று இருக்கிறது. உனக்கு நேரம் இல்லாமல் போனதா, அல்லது நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்காரும்வரை காத்திருந்தாயா? இரண்டாவதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் உன்னைப் பற்றி இப்படி யோசிக்கிறவர்கள் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ.

நீ எங்களுக்குச் செய்ததற்கு என்னால் திருப்பித் தர முடிந்தது ஒரு வாக்குறுதி மட்டும். அந்தக் கடைசிப் பக்கத்தை இந்த வருடம் முடிவதற்குள் நிரப்புகிறேன். என் கையெழுத்தில் தனியாக இல்லை. புகைப்படங்களை மேசையில் பரப்பி, வசுவைக் கேட்டு, அவள் எதை எடுத்துக் கொடுக்கிறாளோ அது. எதையாவது இறுகப் பிடித்தால் முதலில் வெந்நீர்த் துணி எடுத்து வருவேன், பிறகுதான் அர்த்தம் சொல்வேன். மூன்று நாள், மூன்று தடவை கேட்பேன். என்னுடைய படம் அதில் வராது. அந்தப் பக்கத்தில் வரக் கூடாதுதான். முதல் தடவையாக, அப்படி விடுபடுவதில் எனக்குக் கோபம் இல்லை.

கடைசியாக ஒன்று. போனில் நான் சொன்னதை நீ மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டாய். “சரி சார்” என்றாய். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள், அம்மா. நீ முதல் நாள் கூப்பிட்டதுதான் சரி.

அப்படியே இருக்கிற,
உன் அண்ணன்
நடராஜன்